சேதுக்கரைச் சரித்திரம் – 14: கடல் கடந்து வந்த சித்திர இராமன்

சென்ற இதழில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்த்தோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் தீட்டுவித்த அந்தச் சுவர்களில் இராமகதையின் பாலகாண்டம் கட்டம் கட்டமாக நகர்கிறது. அதே கதையை அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் உண்மையாகவே நகரவைத்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் பேசவேண்டும். அவர் யூகோ சாக்கோ (1928–2012), ஜப்பானியர். சேதுக்கரையின் சரித்திரத்தில் ஜப்பானியருக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்பது நியாயம்தான். சிக்கலிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை தாண்டித் திருப்புல்லாணி, சேதுக்கரை, இராமேசுவரம், தனுஷ்கோடி என்று போகப் போக, ஊரும் கோயிலும் தீர்த்தமும் இராமகதையைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. அந்தக் கதையைச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வி வேறெந்த மண்ணையும்விட இந்த மண்ணுக்கு நெருக்கமானது. உரிமை பிறப்பால் வருவதில்லை, கதைக்கு ஒருவர் செலுத்தும் உழைப்பாலும் அடக்கத்தாலும் வருகிறது என்பதே என் கட்சி. அதற்கு சாக்கோவின் பத்தாண்டுப் போராட்டத்தைவிடத் தெளிவான சான்று நம் காலத்தில் கிடைப்பது அரிது.

சாக்கோ இளமையிலேயே கார்ட்டூன் வரையத் தொடங்கியவர் அல்லர். ஆவணப்படம் எடுப்பது அவர் தொழில். தொல்லியல் அறிஞர் பி.பி. லால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களை அகழ்ந்து வந்தார். கங்கைக் கரையில், அலகாபாத் அருகிலுள்ள சிருங்கிபேரபுரமும் அவற்றுள் ஒன்று. கம்பனை வாசித்தவர்களுக்கு அது குகனுடைய ஊர். அலகாபாத் பக்கத்தில் நடந்த அந்த அகழாய்வுகளைப் பற்றிப் படம் எடுக்க 1983 வாக்கில் இந்தியா வந்தபோதுதான் இராமகதை சாக்கோவைப் பற்றிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயண நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி வாசித்தார். இந்தியாவுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். மண்ணைத் தோண்டிப் பானை ஓடுகளைக் கணக்கெடுக்கும் வேலையைப் படம்பிடிக்க வந்தவர், அந்த மண்ணில் மனிதர்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்று கேட்கத் தொடங்கியதுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம்.

முதல் எதிர்ப்பு உடனே வந்தது. அவருடைய அகழாய்வு ஆவணப்படத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தி ஒன்று, ஜப்பானியர் ஒருவர் இராமாயணத்தையே படமாக்குகிறார் என்ற எண்ணத்தை உண்டாக்கியது. இராமாயணம் இந்தியாவின் தேசியச் சொத்து, அதை வெளிநாட்டவர் தம் விருப்பம்போல் திரைப்படமாக்க முடியாது என்று விசுவ இந்து பரிஷத் கண்டனம் தெரிவித்தது. சாக்கோ ஒதுங்கிப் போகவுமில்லை, கண்டனத்தைக் காதில் வாங்காமல் இருக்கவுமில்லை. உரியவர்களிடம் போய் விளக்கம் சொல்லித் தவறான எண்ணத்தைப் போக்கினார். அதன்பின் அதே அமைப்பிடமும் இந்திய அரசிடமும் இராமாயணத்தை அனிமேஷன் படமாகச் செய்யலாம் என்ற யோசனையை அவரே முன்வைத்தார். அரசு இணங்கவில்லை. உணர்ச்சி கலந்த பொருள் என்ற தயக்கமும், தெய்வத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டன. அயோத்திப் பிரச்சினையும் ஆண்டுக்கு ஆண்டு முற்றிக்கொண்டு வந்தது. ஆகவே படத்தை ஜப்பானிலேயே தயாரிப்பது, இந்தியக் கலைஞர்களைக் கூட்டாளிகளாக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

வெளியாருக்கு இங்கே என்ன வேலை என்ற ஆட்சேபம் அற்பமானது அல்ல. நம் சிற்பங்களும் சுவடிகளும் கப்பலேறிப் போய் அந்நிய அருங்காட்சியகங்களில் நிற்கும்போது, கதையும் அப்படிப் போய்விடுமோ என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே ஆட்சேபம் இராமகதைக்குள்ளேயே எழுந்து, விவாதிக்கப்பட்டு, தீர்ப்பும் பெற்றிருக்கிறது. அதுவும் நம் கடற்கரையில். இலங்கையிலிருந்து வீடணன் அடைக்கலம் தேடி வந்தபோது, பகைவனின் தம்பியை எப்படி நம்புவது என்று சுக்கிரீவன் முதலானோர் தடுத்தார்கள். அனுமன் எடுத்த அளவுகோல் வேறு. எந்த ஊரிலிருந்து வந்தான் என்று அவன் கேட்கவில்லை. எத்தகையவன், என்ன நோக்கத்தோடு வந்தான் என்று பார்த்தான். இராமன் அதை ஏற்றான். தனுஷ்கோடி போகும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயில், வீடணனுக்கு முடிசூட்டிய இடம் என்ற நம்பிக்கையில் இன்றும் நிற்கிறது. 1964 புயலுக்கும் அது தப்பிப் பிழைத்தது. குகன், சுக்கிரீவன், வீடணன் என்று வேற்றாரை வரிசையாக உடன்பிறந்தவர்களாக ஏற்ற கதையை, வேற்றார் தொடக்கூடாது என்று பூட்டிவைப்பது அந்தக் கதைக்கே முரண்.

கதை சொன்னவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்தாக இராமாயணத்தைக் கட்டிக்காத்தவர்கள் மண்டிகர்கள். அவர்கள் வீட்டுமொழி மராத்தி. திரைக்குப் பின்னால் விளக்கேற்றி, வண்ணம் தீட்டிய தோல் உருவங்களை அசைத்து, தமிழில் இராமனைப் பேசவைத்தவர்கள் அவர்கள்தாம். இதன் மறுபக்கத்தையும் நம் கரையிலேயே பார்க்கலாம். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கிய சீறாப்புராணம், அரபு நாட்டில் வாழ்ந்த நபிகளின் வரலாற்றைக் கம்பன் வகுத்த காப்பிய நெறியில், தமிழ் நிலத்தின் நீர்வளமும் வயல்வளமும் சேர்த்துப் பாடியது. பாலைவன நாட்டின் வரலாற்றைத் தமிழர் பாடலாம், தமிழர் போற்றும் கதையை ஜப்பானியர் தொடக்கூடாது என்று சொன்னால் அது நடுநிலை ஆகாது. தாய்லாந்தின் ராமகியனில் சேதுவுக்காகப் போட்ட கற்களைக் கடலுக்கடியில் களவாடும் மீன்மகள் ஒருத்தி வருகிறாள். அவள் இராவணனின் மகள். சேது இருக்கும் நம் ஊரில் இல்லாத கதை அது. அதனால் நம் சேதுவில் ஒரு கல்லும் குறைந்துவிடவில்லை. ஜப்பானும் இராமனை முற்றும் அறியாத நாடு அன்று. சீனப் பௌத்த நூல்கள் வழியாகச் சென்ற இராமகதையின் ஒரு வடிவம், பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜப்பானியத் தொகுப்பான ஹோபுட்சுஷுவில் இடம்பெற்றிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் வடிவத்தைப் பற்றியது: சிறுபிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனில் தெய்வத்தைக் காட்டலாமா? சாக்கோவின் விடை நேரெதிரானது. இராமன் தெய்வம் என்பதாலேயே அவனை நடிகரைக் கொண்டு காட்டாமல் வரைந்து காட்டவேண்டும் என்றார். நடிகருக்கு ஏற்கெனவே ஒரு முகம் உண்டு, வேறு வேடங்கள் உண்டு, திரைக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு. வரைந்த உருவத்துக்கு அந்தப் பாரம் எதுவும் இல்லை. 1987, 88ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் தொடர் ஓடியபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டவர்கள் உண்டு. அந்தப் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கல்லிலும் சுதையிலும் சுவரிலும் தோலிலும் இராமனைச் செய்து வணங்கிப் பழகிய நாட்டில், வரைந்த உருவம் மரியாதைக் குறைவு என்ற வாதம் நிற்காது. இராமலிங்க விலாசத்துச் சுவரில் அசையாமல் நிற்கும் கோட்டுருவத்தை நாம் கும்பிடலாம் என்றால், அதே கோட்டுருவம் அசைந்ததும் அதன் புனிதம் எப்படிக் குறையும்? கார்ட்டூன் என்றாலே சிரிப்பு என்ற பழக்கம் அமெரிக்கக் குறும்படங்களைப் பார்த்து நமக்கு வந்தது. ஜப்பானுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சாக்கோவின் விடைக்கு வலு சேர்ப்பது அவர் நாட்டின் அனிமேஷன் மரபு. ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படத்தை 1958இல் தோயே நிறுவனம் வெளியிட்டது. அது வெண்பாம்பு மகளைப் பற்றிய சீனக் கதை. இரண்டாண்டு கழித்து அதே நிறுவனம் எடுத்தது சீனத்துக் குரங்கரசனின் பயணக் கதை. 1974இல் இசாவோ தகாஹதா ஹைடி என்ற சுவிட்சர்லாந்துச் சிறுமியின் கதையைத் தொலைக்காட்சித் தொடராகச் செய்தார். அதற்காக அவர் குழு ஆல்ப்ஸ் மலைக்கே போய் வீட்டையும் புல்வெளியையும் பார்த்து வந்தது. புத்தரின் வாழ்க்கையை ஒசாமு தெசுகா பல பாகங்களாகச் சித்திரக்கதை ஆக்கத் தொடங்கியதும் எழுபதுகளில்தான். அடுத்தவர் கதையை எடுத்தால் அடுத்தவர் ஊருக்குப் போ, அவர்கள் உட்காருவதையும் உண்பதையும் உடுத்துவதையும் பார்த்து வரை என்ற ஒழுக்கம் அந்தத் தொழிலில் ஊறியிருந்தது. இந்தியாவுக்குத் திரும்பத் திரும்ப வந்த சாக்கோ அந்த ஒழுக்கத்தின் வழியில்தான் நடந்தார்.

அந்த ஒழுக்கத்துக்கு இந்தியாவிலிருந்து கிடைத்த துணை ராம் மோகன் (1931–2019). சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, 1956இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர் அவர். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். பின்னர் பிரசாத் புரொடக்ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்று, 1972இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக யுனிசெஃப் உருவாக்கிய மீனா தொடரிலும் அவர் கை உண்டு. 2014இல் பத்மஸ்ரீ பெற்றார். சாக்கோவின் இராமாயணத்துக்கு சாக்கோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன் மூவரும் இயக்குநர்கள். இசை வன்ராஜ் பாட்டியா. 1990இல் தயாரிப்பு தொடங்கியது. சுமார் 450 கலைஞர்கள் உழைத்தார்கள்.

அந்த உழைப்பின் அளவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். படம் 135 நிமிடம் ஓடுகிறது. நொடிக்கு 24 சட்டகம் என்றால் மொத்தம் 1,94,400 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால்கூட லட்சத்துக்குச் சற்றே குறைவான படங்கள் வேண்டும். சுமார் ஒரு லட்சம் செல்கள் பயன்பட்டதாகச் சொல்லப்படும் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொன்றையும் முதலில் பென்சிலில் வரைந்து, அந்தக் கோட்டைச் செல் எனப்படும் கண்ணாடிபோன்ற தாளில் படியெடுத்து, தாளின் பின்பக்கம் வண்ணம் பூசி உலர்த்தி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துக் காமிராவுக்கடியில் ஒவ்வொன்றாகப் படம்பிடிக்கவேண்டும். கணினி இல்லாத வேலை. இதில் இந்தியக் கதைக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. தைத்த சட்டைக்கு விளிம்பு நிலையாக இருக்கும். வேட்டியின் மடிப்பும் மேலாடையின் தொங்கலும் அடிக்கு அடி மாறும். ஓடும்போது எந்த மடிப்பு விரியும், அமரும்போது எந்த மடிப்பு சுருங்கும் என்று கட்டிப் பழகாதவர் ஊகித்து வரைந்தால் முதல் பார்வையிலேயே பொய் தெரிந்துவிடும். கழுத்தாரத்தில் ஒரு படத்தில் ஒன்பது மணி, அடுத்ததில் எட்டு மணி என்றாகிவிட்டால் திரையில் ஆரம் நடுங்கும். மகுடம், தோள்வளை, அம்பறாத்தூணி எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. வானரசேனை கல்சுமக்கும் காட்சியிலோ கூட்டமும் கடலும் சேர்ந்து வருகின்றன. கையால் வரைபவர் மிகவும் அஞ்சும் இரண்டு அவை. இப்படி உழைத்தவர்களைப் பார்த்து, எங்கள் கதையோடு விளையாடினார்கள் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் இது சாக்கோவின் படம்தானா என்று ஒருவர் கேட்கலாம். கையில் பென்சில் பிடித்து வரைந்தவர்கள் மற்றவர்கள்; இயக்கத்திலும் மூவர் பங்கு. ராம் மோகன் பெயரைச் சொல்லாமல் சாக்கோவை மட்டும் கொண்டாடினால் அது அநீதி என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெரிய வேலைக்குக் கருத்தைத் தந்து, எதிர்ப்பைத் தாங்கி, பணம் திரட்டி, இரு நாட்டுக் கலைஞர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பத்தாண்டு விடாமல் இழுத்துச் சென்றவருக்கும் அதில் உரிமை உண்டு. அடுத்த ஆட்சேபம், இராமன் முகத்தில் ஜப்பானியச் சாயல் இருக்கிறதே என்பது. பெரிய கண்களிலும் கூந்தலின் வரைவிலும் அந்தச் சாயல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இராமலிங்க விலாசத்து ஓவியர்கள் திரேதாயுகத்தைப் பார்த்து வரையவில்லை. தங்கள் காலத்து அரசவையின் உடையையும் அணியையும்தான் தசரதன் மக்களுக்குப் போட்டார்கள். தாய்லாந்துக்காரர் இராமனுக்குக் கூர்மகுடம் சூட்டினார்கள். வரைபவனின் ஊர் வரைந்த முகத்தில் தெரிவது எங்கும் நடப்பதுதான். கேட்கவேண்டியது, அந்த முகத்தில் இராமனின் பொறுமையும் துயரும் தெரிகின்றனவா என்பதை. என் கணிப்பில் தெரிகின்றன.

படம் 1992இல் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. நாடு கலவரத்தில் எரிந்தது. 1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. ஆனால் திரையரங்குகளுக்கு முறையாக வரமுடியவில்லை. இந்துக்களும் இஸ்லாமியரும் ஒருவரோடொருவர் வாழ்ந்து பழகிய ஏர்வாடி, கீழக்கரைப் பக்கத்தவர்களுக்கு அந்த ஆண்டுகளின் வேதனையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேற்றாரை அணைத்துக்கொள்ளும் ஒரு கதையை வேற்று நாட்டார் அன்போடு வரைந்து கொண்டுவந்த அதே நேரத்தில், அந்தக் கதைநாயகன் பெயரால் நாடு பிளந்து நின்றது. அது படத்துக்கு மட்டும் நேர்ந்த இழப்பு அல்ல. பிறகு படத்தின் இந்தி வடிவம் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் வந்தது. தூர்தர்ஷன் தொடரில் இராமனாக நடித்த அருண் கோவிலே அதில் இராமனுக்குக் குரல் கொடுத்தார். இராவணனுக்கு அம்ரீஷ் பூரி. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த இராமனைப் பார்த்து வளர்ந்தார்கள். கடைசியாக 2025 ஜனவரி 24 அன்று, புதுப்பித்த பிரதியாக, தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று இந்தியத் திரையரங்குகளுக்கு முறைப்படி வந்துசேர்ந்தது. சாக்கோ 2012லேயே காலமாகிவிட்டார்.

ஒரே படம், அதுவும் உரிய காலத்தில் ஓடாத படம், இதை ஒரு சாதனை வாழ்க்கை என்று சொல்லலாமா? படங்களின் எண்ணிக்கையாலும் வசூலாலும் அளந்தால் சாக்கோ பின்வரிசையில்தான் நிற்பார். எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை இல்லை. ஐம்பத்தைந்தாம் வயதில் ஒரு கதையைக் கண்டெடுத்து, அறுபத்துநான்காம் வயதில் அதை முடித்து, பலன் பாராமல் போனவரின் வேலை முப்பது ஆண்டு கழித்தும் புதிய பார்வையாளரைப் பெறுகிறது என்றால் காலம் வேறு கணக்கு வைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் யாரும் எப்படியும் இராமாயணத்தை எடுக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கும் அவர் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. எடுக்கலாம், நிபந்தனையோடு. மூலத்தைத் தேடி வாசிக்கவேண்டும். கதைக்குரிய மக்களைக் கூட்டாளிகளாக்கவேண்டும். எதிர்ப்பவரிடம் போய்ப் பேசவேண்டும். அவசரப்படாமல் ஆண்டுகளைச் செலவிடவேண்டும். இந்த நான்கும் இல்லாதவர் அயோத்தியிலேயே பிறந்திருந்தாலும் அவருக்கு அந்த உரிமை வந்துவிடாது. இந்த நான்கையும் நிறைவேற்றியவரை, எந்த நாட்டவரானாலும், சேதுக்கரையார் தம் கதைசொல்லிகளின் வரிசையில் சேர்த்துக்கொள்ளவேண்டும். நம் பள்ளிகள் பிள்ளைகளை இராமலிங்க விலாசத்துக்கு அழைத்துப் போகும் நாளில் இந்தப் படத்தையும் போட்டுக் காட்டலாம். சுவரில் தொடங்கித் தோலுக்கும் செல்லுக்கும் வந்த ஒரே மரபை அவர்கள் ஒருசேரக் காண்பார்கள்.

அடுத்த இதழில், சீதக்காதியும் கிழவன் சேதுபதியும் கொண்டிருந்த நட்பு.

(தொடரும்)